கொட்டாங்கச்சிக்குள் ஒரு தக்ளி

பள்ளிக்கூடத்தில் தக்ளி (விரலால் சுழற்றி நூல் நூற்கும் சின்னக் கதிர்) வகுப்பு இருந்த கடைசிக் காலத்து ஆள் நான். நாற்பது வருஷம் கழித்து மறுபடி நூற்க உட்கார்ந்தால், எந்தப் பஞ்சு என்பதிலேயே மாட்டிக்கொண்டேன்.

இழை நீளமாக இருந்தால் நூல் அறாது என்றார்கள். சரி என்று சுவின் வாங்கினேன். 1974-இல் எங்கள் கோயம்புத்தூரில் சுஜாதா, செயின்ட் வின்சென்ட் என்ற இரண்டு பருத்தி ரகங்களைக் கலந்து உருவாக்கிய ரகம். பெயரும் அந்த இரண்டையும் ஒட்டுப்போட்டதுதான். நூல் அறவில்லை, உண்மை. ஆனால் பழக்கம் விட்டுப்போன கை பஞ்சை இறுக்கிப் பிடிக்கிறது. முறுக்கு ஏறிவிட்டால் நீள இழை எவ்வளவு இழுத்தாலும் நகராது. அங்கங்கே புழு மாதிரி தடிப்பு.

அத்தை மகள் மெல்பர்னிலிருந்து மெரினோ கம்பளி கொண்டுவந்தாள். அதற்குக் கொஞ்சம் முறுக்கே போதும். என் தக்ளி வேகத்துக்குக் கயிறாகிவிட்டது. தவிர, சித்திரை வெயிலில் கம்பளி நூற்கிறவளை வீட்டில் சும்மா விடுவார்களா?

எரி என்ற பட்டு வகையும் பார்த்தேன். அந்தப் புழுக் கூட்டின் ஒரு முனை திறந்தே இருப்பதால் அதைப் பஞ்சு போலத்தான் நூற்கிறார்கள். பாத்திரம் தேய்த்த விரலில் இழை மாட்டி மாட்டி இழுத்தது. விரல் வழவழப்பாகட்டும் என்று தேங்காய் எண்ணெய் தடவினேன். நூலெல்லாம் எண்ணெய்க் கறை. புத்தி!

அப்புறம்தான் பெரியப்பா மகன் கோவில்பட்டிப் பக்கமிருந்து ஒரு பை கருங்கண்ணிப் பருத்தி அனுப்பினான், கொட்டையோடு. இழை ஒரு அங்குலம்கூட வராது. பொட்டுப்பொட்டென்று அறும் என்றுதான் நினைத்தேன்.

மின்விசிறியை நிறுத்திவிட்டு, தக்ளி முனையைக் கொட்டாங்கச்சிக்குள் ஊன்றிச் சுழற்றினேன். கொட்டையை எடுக்காமலே இடது கையில் பிடித்து மெல்ல மேலே தூக்கினால், அதைச் சுற்றியிருந்த பஞ்சு தானாகக் கழன்று வருகிறது. மில் பொதியில் அமுங்காத பஞ்சு, பொதபொதவென்று இருந்தது. பருத்தி இழை காய்ந்ததும் நாடா மாதிரி தட்டையாகித் தானே முறுக்கிக்கொள்ளும். அதனால் குட்டை இழையும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கிறது. முறுக்கு மட்டும் தாராளமாக வேண்டும். அதைத் தக்ளி பார்த்துக்கொண்டது.

நூல் கொஞ்சம் தடிமன்தான். வேட்டிக்கு ஆகாது, துண்டுக்கு ஆகும். சுவினை டப்பாவில் போட்டு மேலே வைத்துவிட்டேன்.

கழன்ற கொட்டைகள் ஒரு தம்ளரில் சேர்கின்றன. பருத்திப்பாலுக்கு இன்னும் அரைத் தம்ளர் வேண்டும்.