வாகைக்குளம் பக்கம் மனை வாங்குவதற்கு முன்

திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடிக்குக் காரில் போனால் இப்போதெல்லாம் வயலை விட மனைக்கல்தான் கண்ணில் படுகிறது. மஞ்சள் பெயிண்ட் அடித்த கல், வெயிலில் வெளுத்துப்போன கொடி, வரிசையாக வாடி நிற்கும் தென்னங்கன்று, வாசலில் ஒரு பெரிய ஆர்ச், அதில் 'ஏர்போர்ட் மிக அருகில்'.

காரணம் இல்லாமல் இல்லை. தூத்துக்குடி விமான நிலையம் இருக்கிற வாகைக்குளத்தில் ஓடுபாதை 1,350 மீட்டர்தான் இருந்தது, அதனால் ஏடிஆர் மாதிரி சின்ன விமானம் மட்டும் வந்துபோனது. அதை 3,115 மீட்டராக நீட்டி, 2025 ஜூலையில் புது முனையத்தையும் திறந்தார்கள். அடுத்த மாதமே வின்ஃபாஸ்ட் கார் ஆலையும் தூத்துக்குடியில் திறந்தாயிற்று. இரண்டு ஊருக்கும் சேர்த்து ஒரே விமான நிலையம், நடுவில் நாலுவழிச் சாலை, அப்புறம் புரோக்கர்கள் சும்மா இருப்பார்களா?

ஆனால் விமானம் வந்தால் வீடு தானாக வந்துவிடும் என்பதை நான் நம்பவில்லை. சேலத்தில் மத்திய அரசின் குறைந்த கட்டண விமானத் திட்டமான உடானில் 2018இல் தொடங்கிய சேவை 2021இல் நின்று, 2023 அக்டோபரில்தான் திரும்ப வந்தது. மனை வாங்குகிறவர்கள் பட்டா, வில்லங்கம், டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் எல்லாம் பார்க்கிறார்கள், சரி, போர் போட்டால் உப்புத்தண்ணீரா என்று பக்கத்து வீட்டில் ஒரு வாய் குடித்துப் பார்ப்பதில்லை. ஓடுபாதைக்குக் கிட்டே என்றால் கட்டடத்தின் உயரத்துக்கும் விமான நிலைய ஆணையத்திடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டிவரும், மாடி கட்டி வாடகைக்கு விடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் அதை முதலில் கேளுங்கள்.