கணினியைத் தொலைக்காட்சியில் இணைக்கும்போது கவனிக்க வேண்டியவை

மடிக்கணினியைத் தொலைக்காட்சியோடு இணைப்பது பற்றி உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் பேசும்போது, எந்த கேபிள் வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். என் அனுபவத்தில் கேபிளால் வரும் தொல்லை மிகக் குறைவு. படம் மங்கலாக இருப்பதற்கும், ஓரங்கள் வெட்டுப்படுவதற்கும், ஒலி வராமல் போவதற்கும் காரணம் பெரும்பாலும் கணினியிலோ தொலைக்காட்சியிலோ மாற்றாமல் விடப்பட்ட ஓர் அமைப்புதான்.

2002 டிசம்பரில் அறிமுகமான எச்டிஎம்ஐ என்ற இணைப்பு முறை, படத்தையும் ஒலியையும் ஒரே கேபிளில் டிஜிட்டல் வடிவில் கொண்டு செல்கிறது. தங்க முலாம் பூசிய விலையுயர்ந்த கேபிளால் வண்ணம் கூடுதலாக ஒளிராது. கேபிள் பழுதானால் திரையில் புள்ளிகள் மின்னும், அல்லது படமே விட்டுவிட்டு வரும். 4கே படத்தை (முழு எச்டியைப் போல நான்கு மடங்கு புள்ளிகள் கொண்டது) 60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் வேகத்தில், பார்க்க விரும்புகிறவர்கள் "பிரீமியம் ஹை ஸ்பீட்" என்ற முத்திரையுள்ள இரண்டு மீட்டர் கேபிள் ஒன்றை வாங்கினால் போதும்.

பழைய கணினிகளில் நிலைமை வேறு. அவற்றில் படத்தை வெளியே அனுப்புவதற்கு இருக்கும் விஜிஏ துளை, ஐபிஎம் 1987-இல் கொண்டுவந்தது; அது அனலாக் வகையைச் சேர்ந்தது. அதில் ஒலி செல்லாது. இருமுனையிலும் வெறும் இணைப்பான்கள் மட்டுமே உள்ள விஜிஏ–எச்டிஎம்ஐ கேபிள் இதற்குப் பயன்படாது. அனலாக்கை டிஜிட்டலாக மாற்றும் மின்சுற்று கொண்ட மாற்றிதான் வேண்டும். அதற்கு யுஎஸ்பி வழியாக மின்சாரமும், கணினியின் ஹெட்போன் துளையிலிருந்து 3.5 மில்லிமீட்டர் கம்பி வழியாக ஒலியும் தர வேண்டும். எச்டிஎம்ஐ-யை விஜிஏ-ஆக மாற்றும் சாதனமும் பார்ப்பதற்கு அப்படியே இருக்கும் என்பதால், எந்தத் திசையில் வேலை செய்யும் என்பதைக் கடைக்காரரிடம் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே பணத்தைக் கொடுங்கள். புதிய மடிக்கணினியில் யுஎஸ்பி-சி துளை மட்டும் இருந்தால், அது படத்தை வெளியே அனுப்பும் வகையா என்று பார்த்துவிடுங்கள். எல்லா யுஎஸ்பி-சி துளைகளுக்கும் அந்த வசதி கிடையாது.

ஒலிக்கு வருவோம். கேபிளில் ஒலி செல்ல வழி இருந்தாலும், விண்டோஸ் சில சமயம் மடிக்கணினியின் சொந்த ஒலிபெருக்கிக்கே அதை அனுப்பிக்கொண்டிருக்கும். திரையின் வலது கீழ் மூலையில் உள்ள ஒலிபெருக்கிக் குறியைச் சொடுக்கி, ஒலி வெளியேறும் சாதனங்களின் பட்டியலைத் திறந்தால், அங்கே உங்கள் தொலைக்காட்சியின் பெயரோ மாடல் எண்ணோ தெரியும். அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெயரே தெரியவில்லையென்றால், தொலைக்காட்சியை இயக்கி, ரிமோட்டில் சரியான எச்டிஎம்ஐ உள்ளீட்டைத் தேர்ந்தெடுத்த பிறகு மறுபடியும் பாருங்கள். படம் தொலைக்காட்சியில் ஓட, ஒலியை மட்டும் மடிக்கணினியிலேயே விட்டுவைப்பது நல்லதல்ல. தொலைக்காட்சி ஒவ்வொரு காட்சியையும் மெருகேற்றிக் காட்டுவதற்குச் சிறிது நேரம் எடுத்துக்கொள்வதால், பாடகரின் உதடு அசைவதற்கு முன்பே குரல் வந்துவிடும். ஒலியும் தொலைக்காட்சி வழியாகவே சென்றால், அது இரண்டையும் ஒத்திசைத்துத் தரும்.

நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது படத்தின் அமைப்புகளைத்தான். படக்குழாய்க் காலத்திலிருந்தே தொலைக்காட்சிகள் படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரங்களை மறைத்து வந்திருக்கின்றன. பல தொலைக்காட்சிகள் இன்றும் அதைத் தொடர்கின்றன. அதனால்தான் விண்டோஸின் கீழ்ப்பட்டையில் கடிகாரத்தின் பாதி காணாமல் போகிறது. எல்ஜியில் "ஜஸ்ட் ஸ்கேன்", சோனியில் "ஃபுல் பிக்சல்" என்று பெயர் மாறினாலும், இதற்கான தீர்வு படத்தின் அளவைக் குறிக்கும் மெனுவில்தான் இருக்கிறது. அடுத்து, நீல நிறப் பின்னணியில் சிவப்பு எழுத்துகளைத் தட்டச்சு செய்து, திரைக்கு அருகே சென்று பாருங்கள். எழுத்தின் விளிம்பில் நிறம் கசிந்து கலங்கியிருந்தால், தொலைக்காட்சி வண்ணத் தகவலைக் குறைத்துக் காட்டுகிறது என்று பொருள். எல்ஜி, சாம்சங் தொலைக்காட்சிகள் பலவற்றில், கணினி இணைக்கப்பட்டுள்ள உள்ளீட்டின் பெயரை அல்லது குறியை "பிசி" என்று மாற்றினாலே எழுத்து தெளிந்துவிடும். கூர்மை அளவையும் குறைத்து வைப்பது நல்லது. அது மிகுந்தால் எழுத்தைச் சுற்றி வெண்ணிறக் கோடு படரும்.

"எச்டி ரெடி" என்று விற்கப்பட்ட 32 அங்குலப் பெட்டிகள் பலவற்றின் திரை 1366 x 768 புள்ளிகள் கொண்டது. அவற்றில் முழு எச்டி (1920 x 1080) படத்தை அனுப்பினால் திரைப்படம் நன்றாகவே இருக்கும், ஆனால் சிறிய எழுத்துகளை வாசிப்பது கடினம். எழுத்தின் அளவைக் கணினியில் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

4கே தொலைக்காட்சியில் சுட்டி தயங்கித் தயங்கி நகர்ந்தால், கணினி 30 ஹெர்ட்ஸில் அனுப்புகிறதா என்று விண்டோஸின் காட்சி அமைப்பில் பாருங்கள். 60 என்ற தேர்வே அங்கே இல்லையென்றால், தொலைக்காட்சியில் அந்த எச்டிஎம்ஐ துளைக்குரிய உயர்வேக வசதியை இயக்க வேண்டியிருக்கலாம். சாம்சங்கில் இதன் பெயர் "இன்புட் சிக்னல் பிளஸ்". அதை இயக்கியும் 60 வரவில்லையென்றால், கணினியின் எச்டிஎம்ஐ 2013-இல் வந்த 2.0 பதிப்புக்கு முந்தையதாக இருக்கக்கூடும். அப்போது முழு எச்டியில் 60 ஹெர்ட்ஸ் வைத்துக்கொள்வதே கண்ணுக்கு இதமாக இருக்கும்.