வெளுக்காத குறி

மே 4

அக்னி நட்சத்திரம் இன்று தொடக்கம். வேலூர்க்காரர்களுக்கு இதற்கெல்லாம் பஞ்சாங்கம் வேண்டாம், மார்ச்சிலேயே மொட்டை மாடியில் கால் வைக்க முடியாது. பள்ளிக்கூடம் லீவு. நாலு தலைமுறைக் குடும்பக் கதை ஒன்றை, மந்திரம், காதல், அரண்மனைச் சூழ்ச்சி எல்லாம் சேர்த்து, இந்த லீவிலாவது முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். முதல் அத்தியாயத்தில் ஒரு மந்திரவாதி கோட்டை மதில்மேல் பறக்கிறான். இன்று திரும்பப் படித்தேன், சகிக்கவில்லை. அவன் எதற்குப் பறக்கிறான்? பறக்க முடியும் என்பதால் பறக்கிறான். அடித்துவிட்டேன்.

மே 6

எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. (பெண்களைப் பற்றியும் ஒன்று சேர்ப்பார்கள், அதை நான் எழுத மாட்டேன்.) இதையே ஒரு சாபமாக வைத்தால் என்ன என்று தோன்றியது.

ஆயாவிடம் சொன்னேன். "அதான் சாமி வந்துட்டாரே, இன்னா சாபம்?" என்றாள். நியாயம்தான். 1981 மார்ச் 16 அன்று சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுபோய் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் வைத்தார்கள், அதுவரை பல தலைமுறையாகக் கருவறை காலி. 2021 நவம்பரில் பாலாறும் இரண்டு கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது, பாலத்தில் நின்று செல்போனில் படம் எடுத்த கூட்டத்தில் நானும் ஒருத்தி. சாபத்தில் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருக்கிறது. ராஜா மட்டும் திரும்பி வரவில்லை.

மே 9

ராஜா என்றதும் 1614க்குப் போய்விட்டேன். அந்த வருடம், எங்கள் கோட்டையிலிருந்து ஆண்ட விஜயநகர அரசர் வேங்கடபதி ராயர் இறந்தார். அவருடைய ராணி ஒருத்தி யாரோ பெற்ற குழந்தையைத் தன் பிள்ளை என்று வளர்த்துக்கொண்டிருந்தாள், அது ராயருக்கும் தெரியும், அதனால்தான் அண்ணன் மகன் ஸ்ரீரங்கனுக்குப் பட்டம் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினார். ஜக்கராயன் விடுவானா? ராணி பக்கத்துச் சொந்தம் அவன். புது ராயரைக் குடும்பத்தோடு சிறையில் அடைத்து, கடைசியில் கொன்றும் போட்டான். தப்பியது ஒரே ஒரு பையன், ராமதேவன். புது ராயர் பக்கம் நின்ற யாசம நாயக்கர் சொல்லி, ஒரு வண்ணார் அவனை அழுக்குத் துணி மூட்டையில் வைத்து வெளியே கொண்டுவந்தார். அப்புறம் கல்லணைப் பக்கம் தோப்பூரில் பெரிய போர், ஜக்கராயன் செத்தான், மூட்டையில் வந்த பையன் அரசனானான்.

இதற்குமேல் நான் என்ன கற்பனை செய்வது, சொல்லுங்கள்! ஆனால் யோசித்துப் பாருங்கள், ராயர், ராணி, நாயக்கர் என்று எல்லாருக்கும் பெயர் இருக்கிறது, தலையைப் பணயம் வைத்து மூட்டையைச் சுமந்த ஆள் மட்டும் வெறும் "ஒரு வண்ணார்". காவல்காரன் மூட்டையைக் குத்திப் பார்த்திருந்தால்?

என் நாலு தலைமுறையும் இனி அந்த வண்ணார் வீடுதான். ராயர் குடும்பம் ஓரமாக வந்துபோகட்டும்.

மே 13

மந்திரம் கிடைத்துவிட்டது. முன்பெல்லாம் துணி மாறிப்போகாமல் இருக்க ஓரத்தில் வீட்டுக்கு ஒரு குறி போடுவார்கள், சேங்கொட்டைப் பாலால். சுண்ணாம்பும் சேர்ந்துவிட்டால் எத்தனை வெள்ளாவி வைத்தாலும் போகாது, துணி கிழிந்தாலும் குறி இருக்கும். கையில் பட்டால் கொப்பளித்துவிடும்.

என் கதையில் அந்த வீட்டு ஆட்கள் துணியை முகர்ந்தால் உடுத்தியவர் மறைத்தது எல்லாம் தெரியும். வெறும் வரமாக விட்டால் பறக்கும் மந்திரவாதி கதைதான் மறுபடியும். அதனால் ஒரு ரகசியம் தெரிந்தால் அவர்களுடைய ஞாபகம் ஒன்று வெளுத்துப் போகும். ராணியின் புடவையிலிருந்து குழந்தை அவளுடையது இல்லை என்று தெரிந்துகொண்ட ராத்திரி, பெரியவருக்குத் தன் பெண்டாட்டி பெயர் மறந்துவிடுகிறது. விடியும்போது பார்த்தால் அடுப்படியில் யாரோ ஒருத்தி, பார்க்க நன்றாக இருக்கிறாள், "நீ யாரும்மா?" என்கிறார். அவள் சிரித்துக்கொண்டே கூழ் ஊற்றுகிறாள். தினமும் இதே கேள்வி, தினமும் பதில் சொல்கிறாள். காதல் அத்தியாயம் என்று தனியாக எழுத வேண்டிய வேலை மிச்சம்.

மே 14

ஒரு வரி எழுதவில்லை. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் வந்தது, அம்மா எண்ணெய்க் கத்திரிக்காய் வைத்தாள், தின்றுவிட்டுத் தூங்கினேன்.

மே 19

குறி எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்க்க ஆசை. ஆயாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன், அவளும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பழைய ஜமுக்காளம், தாத்தாவின் நாலு வேட்டி, எல்லாவற்றின் ஓரத்திலும் இரண்டு புள்ளி ஒரு கோடு. "அதான் நம்ம வூட்டுக் குறி" என்றாள், பெருமையாக.

அடியில் இன்னொரு வேட்டி, நாலாக மடித்து, நடுவில் வசம்புத் துண்டு வைத்து. ஓரத்தில் மூன்று புள்ளி, ஒரு வளைவு.

"ஆயா, இது யார் வீட்டுது?"

"மாறி வந்துட்டிருக்கும்."

"அப்போ திருப்பித் தரலையா?"

ஆயா பதில் சொல்லவில்லை. வேட்டியை என் கையிலிருந்து வாங்கினாள், பழைய மடிப்பிலேயே மடித்தாள், அடியில் வைத்தாள், மூடிமேல் ஏறி உட்கார்ந்து வெற்றிலைப் பையை அவிழ்த்தாள். "எட்டிப் போய் மோரு எத்துனு வா கண்ணு, வெயிலு தாங்கல."

எடுத்துவரப் போனேன். போகும்போது கையை மூக்கருகே கொண்டுபோனேன், வசம்பு வாசனை மட்டும்தான்.