ஜகாத் பட்டியல்

மார்ச் 3, 2025
நோன்பு 2. ஜகாத் என்னும் கடமையான தர்மம் யாருக்குத் தேவை என்று டிரஸ்ட்டுக்குப் பட்டியல் எடுக்க, நாங்கள் 3 பெண்கள் இன்று 11 வீடு ஏறி இறங்கினோம். அதில் ஒரு வீட்டில் கணவர் மௌத்தாகி நாற்பது நாள்கூட ஆகவில்லை. அந்தப் பெண் இத்தாவில், அதாவது கணவர் இறந்தபின் மனைவி காத்திருக்கும் காலத்தில், இருக்கிறார். 4 மாதம் 10 நாள். அந்நிய ஆண்கள் முன்னால் வரமாட்டார். கணக்கெடுக்க எங்களை அனுப்புவது அதனால்தான். பேசிக்கொண்டே இருந்தவர் உள்ளே போய் நகை அடகு ரசீதை எடுத்துவந்து காட்டினார்.

மார்ச் 9
நேற்று இரவு தராவீஹ் தொழுகை முடிந்து டிரஸ்ட்டில் மஷூரா, ஆலோசனைக் கூட்டம். 7 பேரும் ஆண்கள். பட்டியல் போட்ட நாங்கள் 3 பேரும் வீட்டில். இன்று பார்த்தால் அந்தப் பெண்ணின் பெயர் மேல் கோடு. கணவரின் தம்பி சவூதியில் இருக்கிறாராம், பார்த்துக்கொள்வாராம். அவருக்கே அங்கே வேலை போய்விட்டது என்று படிவத்தில் எழுதியிருந்தேனே! கடைசிப் பக்கம்வரை யாரும் புரட்டவில்லை.

மார்ச் 12
ஆபீஸ் தம்பிக்குச் சம்பளம், எங்களுக்கு வெறும் ஹதியா, அன்பளிப்பு. கேட்டால், "கித்மத்து, சேவைதானேம்மா, கூலியை அல்லாஹ் தருவான்." தருவான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஜகாத் பெறத் தகுதியானவர்கள் என்று குர்ஆன் (9:60) சொல்லும் 8 வகையினரில் ஜகாத் வேலை பார்ப்பவர்களும் உண்டு. இதைக் கேட்க எனக்கு 3 வருஷம் ஆகியிருக்கிறது.

மார்ச் 15
மஷூராவில் எங்களுக்கும் இடம் கேட்டு டிரஸ்ட் செயலாளர் பாயிடம் போனேன். நல்ல மனிதர். என் மகன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நடுராத்திரி ஓடிவந்தவர். அந்த நன்றிதான் இத்தனை நாள் வாயைக் கட்டியது. "பொம்பளைங்க மஷூராவுல உக்காந்தா ஊர் என்னம்மா சொல்லும்?" என்றார்.

ஹிஜ்ரி 6, மக்காவுக்குள் போக முடியாமல் உடன்படிக்கை செய்து திரும்ப வேண்டிவந்த ஹுதைபியாவைச் சொன்னேன். குர்பானி கொடுத்துத் தலைமுடி மழிக்கும்படி நாயகம் (ஸல்) மூன்று முறை சொல்லியும் தோழர்கள் எழவில்லை. "யாரிடமும் பேசாமல் நீங்கள் முதலில் செய்யுங்கள்" என்று யோசனை சொன்னவர் அவர் மனைவி உம்மு ஸலமா (ரலி). நாயகம் அப்படியே செய்ததும் எல்லோரும் எழுந்தார்கள். பாய் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "சரிம்மா, பார்ப்போம்" என்றார்.

மார்ச் 22
நேற்று ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு மஷூராவுக்குக் கூப்பிட்டார்கள். திரைக்கு இந்தப் பக்கம் 3 நாற்காலி. கை நடுங்கியது. அந்த வீட்டு நிலைமையை முழுக்கச் சொன்னேன். பெயர் திரும்பவும் ஏறியது. ஹதியா பேச்சு எடுபடவில்லை. பெருநாள் கழித்துப் பார்க்கலாம் என்றார்கள். கையெழுத்துக்குச் சுற்றிய தாளும் திரையைத் தாண்டி எங்களிடம் வரவில்லை. திங்கட்கிழமை போய்ப் பாயிடம் அதைக் கேட்க வேண்டும்.