மாவுக்கடை லோனும் ஒரு ஆதார் ஜெராக்ஸும்

போன வாரம்தான் வங்கியில் பணம் இறங்கியது. மொத்தம் ஏழு மாதம். அதில் லோனுக்குப் பரிந்துரைக்கும் தாட்கோ என்ற அரசுக் கழகத்தில் வேலை முடிய ஒன்றரை மாதம். மீதி நாள் பூராவும் பாலக்கோட்டில் பத்துக்குப் பன்னிரண்டு அளவில் ஒரு கடை தேடியதிலேயே போச்சு.

நான் போட்டது சிஎம் அரைஸ் திட்டம். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்குத் தாட்கோ நடத்துவது. 35 சதவீதம் மானியம், அதிகபட்சம் 3.5 லட்சம். இட்லி மாவு வியாபாரத்துக்கு என் கணக்கு 4 லட்சம்: கோயம்புத்தூர் டில்டிங் கிரைண்டர், ஃப்ரிட்ஜ், பாக்கெட் சீலிங் மெஷின், முதல் லோடு அரிசி, உளுந்து. மானியம் 1,40,000 வரும். விண்ணப்பம், நேர்காணல், வங்கிக்குப் பரிந்துரை எல்லாம் முடிந்தது. நேர்காணலில் ஒரு கிலோ உளுந்துக்கு எவ்வளவு அரிசி என்று கேட்டார்கள். இருபது வருஷமா ஆட்டுறேன், அது தெரியாதா.

வங்கியில் முதலில் வீட்டுப் பத்திரம் கேட்டார்கள். என்னுடையது மாதிரி சின்னத் தொகை சிறுதொழில் கடனுக்கு ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. எங்கள் மகளிர் குழு அக்கா அதைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். மேனேஜர் படித்துவிட்டு, "சும்மா கேட்டேம்மா" என்றார். அந்த சும்மாவுக்கு நான் இரண்டு தடவை பஸ் ஏறியிருக்கேன். அடுத்தது, "கடை வாடகை ஒப்பந்தம் கொண்டு வாங்க. இடத்தைப் பார்க்காம பணம் தர முடியாது." இது நியாயமான கேள்விதான்.

முதல் கடை மெயின் ரோட்டில். வாடகை 4,500, அட்வான்ஸ் 30,000. போனில் பேசி முடிந்தது. "ஆதார் ஜெராக்ஸ் கொடுத்துட்டுப் போம்மா, ஒப்பந்தம் டைப் பண்ணணும்" என்றார் ஓனர். கொடுத்தேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பின்பக்கம் திருப்பினார். முகவரியில் ஊர் பேருக்குப் பக்கத்திலேயே 'காலனி' என்று இருக்கு; எங்கள் ஆட்கள் குடியிருப்பை அப்படித்தான் எழுதுவாங்க. விரல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மடித்துப் பாக்கெட்டில் வைத்தார். மறுநாள் காலை போன்: "தம்பி பையன் செல்போன் கடை வைக்கணும்கிறான்மா, தப்பா நெனச்சுக்காத."

ஒரு மாதம் கழித்தும் 'வாடகைக்கு' போர்டு அப்படியே தொங்கியது. குழுவில் வேறு சாதி அக்கா ஒருவரை அவரோட சொந்த நம்பரிலிருந்தே ஓனரிடம் பேசச் சொன்னேன். "இன்னைக்கே வாங்க, சாவி தர்றேன்" என்றாராம். அக்காதான் அழுதார். எனக்கு அன்றைக்குக் கோபம்தான் வந்தது, அழுகை ரெண்டு நாள் கழித்து வந்தது.

இரண்டாவது ஓனர் சுற்றி வளைக்கவில்லை. "ஊரா, காலனியா?" சொன்னேன். "இட்லி மாவும்மா... நம்ம தெருவுல யாரு வாங்குவாங்க? டெய்லர் கடைன்னா பரவால்ல." என் நல்லதுக்குச் சொல்கிற மாதிரியே சொன்னார். எங்க தாத்தாவுக்குத் தேங்காய்த் தொட்டியில் டீ ஊற்றிய காலம் போயிடுச்சுன்னு அம்மா அடிக்கடி சொல்லும். எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது.

2015-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, பொருளாதாரப் புறக்கணிப்பைக் குற்றமாக்கினார்கள். சாதியைக் காரணமாக வைத்து வியாபாரம் செய்ய மறுப்பதும் அதில் வரும். தெரிந்த வக்கீலிடம் கேட்டேன். "எழுதிக் கொடுத்தாரா? ரெக்கார்டிங் இருக்கா?" என்றார். தம்பி பையன் செல்போன் கடைதான் இருக்கு. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டசபையில் அறிவித்தார். நல்ல அறிவிப்பு. என் ஆதாரில் இன்னும் இருக்கு. அதை எடுத்தாலும் ஊர் பேரைச் சொன்னதும் "எந்தப் பக்கம்?" என்று கேட்க நம்ம ஆட்களுக்குச் சொல்லியா தரணும்.

கடைக்கு அலைந்ததில், லோனுக்காக டீலரிடம் வாங்கிய இரண்டு கொட்டேஷன் (விலைப் பட்டியல்) காலாவதி. ஒவ்வொன்றும் 30 நாள்தான் செல்லும். மூன்றாவதில் கிரைண்டர் விலை 6,000 ஏறியிருந்தது, அதை என் கைப்பணத்தில்தான் கட்டினேன். வேற யாராவது போடுறதா இருந்தால் டீலரிடம் 90 நாள் கெடு கேட்டு வாங்குங்க, கேட்டால் தருகிறார்கள். கடையை முதலில் உறுதி செய்துவிட்டுக் கொட்டேஷனுக்குப் போங்க. ஒப்பந்தத்தில் ஈ.பி. இணைப்பு எண்ணையும் எழுதச் சொல்லுங்க, எனக்கு அதற்கு ஒரு நாள் தனியா வீணாச்சு. உத்யம், அதாவது சிறுதொழிலுக்கான அரசுப் பதிவு, இலவசம். ஈ-சேவை வாசலில் நிற்கும் தம்பி 500 கேட்டால் கொடுக்காதீங்க. மானியம் கையில் வராது, வங்கிக்குத்தான் போகும்.

கடைசியில் கடை கொடுத்தது பழைய இரும்புக் கடை பாய். ஆதாரை வாங்கினார், பெயரை மட்டும் பார்த்தார். "மாவு நைட்டு அரைப்பியாம்மா? மோட்டார் சத்தம் வருமா?" அவ்வளவுதான் கேட்டார். சந்துக்குள்ளே இருக்கு, அட்வான்ஸ் 40,000. நான் பேரம் பேசவே இல்லை.

இப்போ நாளைக்கு முப்பது பாக்கெட் போகுது. மெயின் ரோட்டில் இருக்கும் ரெண்டு டிபன் கடைக்கும் என் மாவுதான், ஒரு பையன் மூலமா போகுது. யார் அரைச்சதுன்னு அவங்க கேட்கலை, நானும் சொல்லலை. அம்பேத்கர் படம் கிரைண்டருக்கு மேலே, உள் சுவரில் மாட்டியிருக்கேன். கல்லாவுக்குப் பின்னால் அடிச்ச ஆணி காலியாத்தான் இருக்கு.