வயிற்றைத் தொடும்போது முகத்தைப் பாருங்கள்

மருத்துவ மாணவர்களுக்கு நேற்று நான் நடத்திய செய்முறைத் தேர்வு இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. வயிற்றுவலியோடு வந்தவரைப் பரிசோதிக்க வேண்டும். முதல் மாணவர் எல்லாப் படிகளையும் வரிசை மாறாமல் செய்தார். நோயாளி முகம் சுளித்ததை மட்டும் பார்க்கவே இல்லை. அடுத்து வந்த மாணவி உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார். வலிக்கும் இடத்தைக் கேட்டு, அதைக் கடைசியாகத் தொட்டார். கண் முழுக்க நோயாளியின் முகத்திலேயே இருந்தது. ஆனால் ஒரு படியை மறந்துவிட்டார். என் கையிலிருந்த ‘செய்தார் / செய்யவில்லை’ பட்டியல்படி முதலாமவருக்கே அதிக மதிப்பெண். மனசே ஆறவில்லை.

1975-இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் குழுவினர் ஆஸ்கி (OSCE) என்ற இந்த வகை மருத்துவச் செய்முறைத் தேர்வைக் கொண்டுவந்ததே, தேர்வாளருக்குத் தேர்வாளர் மதிப்பெண் மாறக்கூடாது என்றுதான். சரி, அது அவசியம். ஆனால் டிக் அடிக்கும் பட்டியல் தரத்தைச் சொல்வதில்லையே! ரூப்ரிக், அதாவது தரத்தை நிலை நிலையாக விவரிக்கும் மதிப்பீட்டு அட்டவணை, சொல்லும்: ‘அழுத்துகிறார்’, ‘அழுத்தும்போது முகத்தைக் கவனிக்கிறார்’, ‘முகம் சுளித்ததும் அழுத்தத்தைக் குறைத்து, வலிக்கிறதா என்று கேட்கிறார்’ என்று நிலைக்கு ஒரு வாக்கியம். அப்புறம், அதைத் தேர்வுக்கு முன்பே மாணவர்கள் கையில் கொடுத்துவிட வேண்டும். இன்றிரவு எழுத உட்கார்ந்துவிட்டேன்.