பழைய போர்ஷே வாங்கப் போறீங்களா?
கொச்சிப் பக்கம் பழைய போர்ஷே தேடுற நம்ம பாலக்காடு, கொழிஞ்சாம்பாறை ஆட்கள் பெயின்ட்டைப் பார்த்து மயங்காதீங்க. 1997-லிருந்து 2008 வரைக்கும் வந்த சாதா 911, பாக்ஸ்டர், கேமனுக்கு, எஞ்சினுக்குள்ள டைமிங் செயினை ஓட்டுற இடைத்தண்டைத் தாங்குற ஐ.எம்.எஸ். பேரிங்தான் எமன். (911 டர்போ, ஜி.டி.3-க்கு இந்தத் தொல்லை கிடையாது.) உள்ளே அடைச்ச கிரீஸ் கரைஞ்சா பேரிங் உடையும்; வால்வு திறந்து மூடுற நேரம் (டைமிங்) விலகி வால்வு பிஸ்டன்ல இடிக்கும். எஞ்சினே போச்சு. ஆயில் ஃபில்டரை மடிப்பு மடிப்பா விரிச்சுப் பாருங்க. மினுங்குற துகள் காந்தத்துல ஒட்டினா வண்டியே வேண்டாம்.

பேரிங்கை மாத்தணும்னா கியர்பாக்ஸை இறக்கணும்; பேரிங் விலையை விட அந்தக் கூலிதான் கடிக்கும். அதனால கிளட்ச் மாத்தும்போதே சேர்த்து மாத்திடணும். 2006 வாக்குல இருந்து வந்த பெரிய பேரிங்கை எஞ்சினைப் பிரிக்காம எடுக்க முடியாது. ஆனா அது உடையறது அபூர்வம்.

பாக்ஸ்டர்னா கூரையோரத் துளைகள்ல இலை அடைச்சிருக்கான்னும் பாருங்க. அடைச்சிருந்தா இடவப்பாதி மழைத்தண்ணி நேரா சீட்டுக்கு அடியில இருக்கிற கன்ட்ரோல் யூனிட்டுக்குத்தான் போகும்.